பெரிய வாரத்தில் நுரைத்த பரணி

பரணியின் வயிற்றில் காதை ஒட்டிவைத்துக் கேட்டால், காய்ந்த ரப்பர் இலைகளின்மேல் கட்டெறும்புப் படை ஒன்று நடந்து போவதுபோல மெல்லிய ஓசை வரும். வாயைக் கட்டியிருந்த ஈரத் தோர்த்துத் துண்டின் இழைகள் வழியாக அன்னாசித் தோலும் இஞ்சியும் கலந்த ஒரு புளித்த மணம் எழுந்து மூக்கின் உட்புறத்தைக் கடிக்கும். ஊறுகாய் ஜாடியைத்தான் எங்கள் பக்கத்தில் "பரணி" என்பது. வருடம் முழுவதும் உப்புமாங்காய் கிடக்கும் அந்தப் பரணி, ஏழாம் வகுப்புப் பரீட்சை முடிந்து நான் வீட்டிலிருந்த பெரிய வாரத்தில், அதாவது குருத்தோலை ஞாயிற்றுக்கும் ஈஸ்டருக்கும் இடைப்பட்ட நாட்களில், வேறொரு வேலைக்கு எடுக்கப்பட்டிருந்தது. புதன்கிழமை காலையில் நான் அதன்மேல் காதை வைத்துக்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் வந்து நின்று, "என்ன சத்தம் கேக்குது?" என்றார். எறும்பு நடக்கிற மாதிரி இருக்கிறது என்றேன். "எறும்பு இல்ல மக்கா, பிசாசாக்கும்" என்று சொல்லிவிட்டு அம்மா உரலடிக்குப் போனார்.

எங்கள் வீடு குன்னத்துகாலிலிருந்து மாநில எல்லைக்குப் போகும் வழியில் ஒரு மேட்டின்மேல் இருந்தது. பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டிலும் சபையிலும் தமிழ், சந்தையில் எதிரே நிற்பவருடைய வாயைப் பொறுத்து இரண்டும். அப்பா தங்கையன் ஆரியங்கோட்டில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். விடிவதற்குள் போய் உச்சிக்குப் பிறகு திரும்புவார். திரும்பும் வழியில் கள்ளுக்கடை இருந்தது. சாராயக் கடைகளை அரசு மூடிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தாலும், மூடியதை அறியாதவர்போலவே அப்பா பல நாட்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். முந்தின ஓணத்தின்போது அவர் முற்றத்தில் விழுந்து கிடந்ததைப் பார்த்த அம்மா, என்னையும் கூட்டிக்கொண்டு காஞ்சிரங்குளத்தில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். பதினாறு நாள் அங்கே இருந்தோம். அப்பா வந்து கூப்பிட்டு, திரும்பினோம். புத்தாண்டுக் காலை ஆராதனையில் அவர் எழுந்து நின்று, இனிமேல் தொடமாட்டேன் என்று சபைக்கு முன்னால் வாக்குக் கொடுத்தார்.

மாமா அந்த வாக்கை நம்பவில்லை. காஞ்சிரங்குளத்தில் தையல் கடை வைத்திருந்தவர். எதையும் இரண்டு தடவை அளந்து பார்த்துத்தான் வெட்டுவார். மதுவிலக்குக் கூட்டங்களில் முன்வரிசையில் இருப்பார். குருத்தோலை ஞாயிறன்று ஆள் மூலம் செய்தி சொல்லி அனுப்பினார்: ஈஸ்டருக்குக் காலை அப்பத்துக்கு வருகிறேன், எல்லாம் நேராக இருந்தால் சாப்பிட்டுவிட்டுப் போவேன், இல்லையென்றால் பேபியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவேன், இந்தத் தடவை திருப்பி அனுப்ப மாட்டேன். பேபி என்பது அம்மா.

மாமாவுடையதைவிட அம்மாவின் சந்தேகம் ஒழுங்கு முறையானது. அப்பா வேலை முடிந்து வந்து கால் கழுவியதும் அம்மா ஒரு டம்ளர் வெந்நீரை நீட்டுவார். நீட்டிய கையை எடுக்காமலே, "ஊதிக் காட்டுங்க" என்பார். அப்பா டம்ளரின்மேல் ஊதுவார். ஆவி அம்மாவின் முகத்தில் படும். வாக்குக் கொடுத்த பிறகும் இது நிற்கவில்லை. கேட்பதற்கு அம்மாவுக்கே கூச்சமாக இருந்த நாட்களில், "மக்கா, அப்பாக்க பக்கத்தில போய் இருந்து பாடம் படி" என்று என்னை அனுப்புவார். நான் பூகோளப் புத்தகத்தை விரித்து அவருடைய தோளுக்குக் கீழே உட்கார்ந்து மூச்சை இழுப்பேன். ரப்பர் பாலின் புளித்த நாற்றம், பீடி, வியர்வை. அடுக்களைக்குப் போய், "இல்ல" என்று ஒரே சொல்லில் சொல்வேன். அப்பாவுக்கு இது தெரியும். ஒருநாள் நான் உட்கார்ந்ததுமே, "மணத்தாச்சா? இனி படி" என்றார்.

என்னிடம் ஒரு டைரி இருந்தது. பாறசாலையில் ஒரு உரக்கடையில் கொடுத்தது, முந்தின வருடத்தது. ஒவ்வொரு பக்கத்திலும் அச்சடித்திருந்த கிழமையை அடித்துவிட்டுச் சரியான கிழமையைப் பென்சிலால் எழுதினால்தான் எனக்குக் கை ஓடும். மழை பெய்த நேரம், பசு ஈன்ற நாள், பிரசங்கம் எத்தனை நிமிடம் நீண்டது என்பதெல்லாம் அதில் உண்டு. இந்தக் கட்டுரையில் வரும் கிழமைகளும் மணிகளும் அதிலிருந்து எடுத்தவை. பேச்சுகள் மட்டும் நினைவிலிருந்து.

இனி அந்தப் பானத்தைச் சொல்ல வேண்டும். குடியை நிறுத்திய மூன்று மாதத்தில் அப்பாவுக்கு வந்த பெரிய தொந்தரவு மாலை நேரம்தான். நாக்கு கேட்கவில்லை, தொண்டை கேட்கிறது என்பார். "கடிக்கணும் பிள்ளே, இறங்கும்ப தொண்டையில ஒரு கடி கடிக்கணும். வெள்ளம் கடிக்காது, காப்பி கடிக்காது." சோடா கடிக்கும், ஆனால் எங்கள் ஊரில் சோடா விற்ற ஒரே கடை கள்ளுக்கடை இருந்த இடைவழியில்தான் இருந்தது. அந்த வழியில் திரும்பிய மனிதன் சோடா குடித்துவிட்டு வந்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஒரு தடவை அவர் அப்படிப் போனதை யாரோ பார்த்துச் சொல்ல, அன்று வெந்நீரில் மூன்று தடவை ஊத வேண்டியதாயிற்று. அதனால் கடிக்கிற ஒன்றை வீட்டிலேயே செய்துகொள்வது என்று தீர்மானித்தார். தோட்டத்தில் அவரோடு பால் வெட்டிய ஒருவர் செய்முறையைச் சொல்லிக் கொடுத்திருந்தார். இளம் ரப்பர் வரிசைகளுக்கு நடுவே அன்னாசி போட்டிருப்பார்கள். நாங்கள் "கைதச்சக்கை" என்போம். அதில் பழுத்த இரண்டை முதலாளியிடம் கேட்டு வாங்கி, திங்கட்கிழமை சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார்.

செய்முறையின் முதல் விதியே அம்மாவுக்குச் சந்தேகத்தை உண்டாக்கியது. பழத்தைக் கழுவக் கூடாது. மேலே ஒட்டியிருக்கும் மண்ணைத் துணியால் தட்டிவிட்டு, தோலைக் கனமாகச் சீவ வேண்டும். நாங்கள் சுளையைத் தின்ன, தோலும் நடுத்தண்டும் பரணிக்குள் போயின. கழுவினால் "கேஸ்" வராது, அதை உண்டாக்குவது தோலிலேயே இருக்கிறது என்றார் அப்பா. பிறகு ஒரு கை நீளத்துக்கு இஞ்சியை அம்மியில் நசுக்கினார். கிணற்றடியில் வளர்ந்த இஞ்சிப்புல்லை, எலுமிச்சை வாசம் அடிக்குமே அந்தப் புல்லை, ஐந்தாறு முடிச்சாகக் கட்டிப் போட்டார், ஒரு கொத்துத் துளசி, உடைத்த கருப்பட்டி, காய்ச்சி ஆறிய தண்ணீர். வாயைத் தோர்த்தால் கட்டி, அடுக்களையின் பின்மூலையில், புகை படாத இடத்தில் வைத்தார்.

"எழுது பிள்ளே," என்றார் என்னிடம். "திங்கள், சாயங்காலம் அஞ்சரை." இந்தப் பானத்துக்கு நாள் கணக்கு முக்கியம் என்றார். மூன்றாம் நாள் வடிகட்டிக் குப்பியில் அடைக்க வேண்டும். குப்பிக்குள் மூன்று நாள். அதற்குமேல் வைத்தால் போதை ஏறும். அப்போது அது தனக்கு ஆகாது, மிஞ்சியதை வாழை மூட்டில் ஊற்றிவிட வேண்டும். குடியை விட்ட மனிதர் தானே தனக்குப் போட்டுக்கொண்ட வேலி அது. அதைக் காவல் காக்க என் டைரி.

அவர் குளிக்கப் போனதும் அம்மா வந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். "எழுதினியா? எழுது. இனி தினமும் பரணியில எம்பிடு உண்டு எண்ணும் எழுதணும். கொறஞ்சா எனக்குச் சொல்லணும்." அடுப்புக்கரியை எடுத்து, பரணியின் கழுத்துக்குக் கீழே ஒரு கோடும் போட்டார். ஜாடிச் சுவர் வழியாக உள்ளே உள்ளது தெரியாது என்பதை நான் சொன்னேன். "நீ குச்சி விட்டு நோக்கு" என்றார். ஆக அந்த வாரம் முழுவதும் ஒரே டைரியில் இரண்டு பேருக்காக இரண்டு கணக்கு எழுதினேன். யாரிடமும் மற்றவருடைய கணக்கைக் காட்டவில்லை.

அம்மாவின் பயத்தைக் குற்றம் சொல்ல முடியாது. கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்கள் முதலில் பழமும் கருப்பட்டியும் தண்ணீருமாகப் பானையில் ஊறப்போடுவார்கள். அதற்குக் "கோடா" என்று பெயர். எக்சைஸ்காரர்கள் ரப்பர் மலைகளுக்குள் ஏறிப் பானைகளை உடைத்துக் கோடாவைக் கவிழ்க்கும்போது மலையடிவாரம் முழுக்க வருகிற மணத்தை எங்கள் ஊர்க் குழந்தைகள்கூட அறிவார்கள். செவ்வாய்க்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. புதன்கிழமை, முன்பே சொன்னேன், எறும்பு நடந்தது. தோர்த்தை அவிழ்த்துப் பார்த்தால் வெள்ளை நுரை, தோல்களைத் தூக்கிக்கொண்டு மேலே வந்திருந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனார்.

"இது கோடாவாக்கும்."

"எளா, இது பழச்சாறாக்கும். பிள்ளைக்கும் குடுக்கலாம்" என்றார் அப்பா.

"பிள்ளைக்கும் பழக்கிக் குடுக்கப் போறீங்களா? நல்லா இருக்கும். வேதப் பாடத்துக்குப் போகும்ப ஒரு டம்ளர் குடிச்சிட்டுப் போகட்டும்."

"கோடா எண்ணா காய்ச்சணும். எங்க எனக்க அடுப்பு? எங்க எனக்க குழாய்?"

"அடுப்பு எனக்கதுதானே, அது மூணு உண்டு" என்றார் அம்மா.

வியாழக்கிழமை மதியம் அவர் சாற்றை வெள்ளைத் துணியில் வடித்து, கல்யாண வீட்டிலிருந்து கேட்டு வாங்கிய மூன்று பெரிய பிளாஸ்டிக் குளிர்பானக் குப்பிகளில், மேலே நான்கு விரல் இடம் விட்டு அடைத்தார். இனிப்புக்கு ஒவ்வொன்றிலும் ஒரு சிறு துண்டு கருப்பட்டி. அது உள்ளே கரைந்து, வெளியே போக வழியில்லாத காற்று தண்ணீரோடு சேர்ந்து "கேஸ்" ஆகுமாம். கட்டைவிரலால் குப்பியின் வயிற்றை அழுத்திப் பார்க்க வேண்டும்: அமுங்கினால் ஆகவில்லை, கல்லாக நின்றால் ஆயிற்று. கரிக்கோட்டின் விவரத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நான் குச்சி விட்டு அளந்ததில், திங்கள் முதல் வியாழன் வரை ஒரு விரலளவுகூடக் குறையவில்லை. அம்மாவிடம் சொன்னபோது, "குறைஞ்ச அளவுக்கு வெள்ளம் ஒழிச்சிருப்பாரு" என்றார், தண்ணீர் ஊற்றி நிரப்பியிருப்பார் என்று.

பெரிய வெள்ளிக்கிழமை காலையில் சபைக்குப் புறப்படும் முன் தண்ணீர் கோரப் போன அம்மா, கிணற்றுத் தூணில் தான் கட்டாத ஒரு கயிறு கட்டியிருப்பதைக் கண்டார். இழுத்தார். வாளி வந்தது, வாளிக்குள் மூன்று குப்பிகள், தவிட்டு நிறத்தில். கள்ளச்சாராயம் விற்கிறவர்கள் கிணற்றுக்குள்தான் ஒளித்துவைப்பார்கள் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த செய்தி. அம்மா அங்கே நின்றபடியே கத்தவில்லை. துக்க நாள், வெள்ளைச் சேலை கட்டியிருந்தார். குப்பிகளை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து, சவரம் செய்துகொண்டிருந்த அப்பாவின் முன்னால் வரிசையாக வைத்தார்.

"இது என்னத்துக்குக் கிணத்தில கிடக்குது?"

அப்பா பாதிக் கன்னத்தில் சோப்போடு, "வெயில் பட்டா பொட்டும். நமக்கு ஃபிரிட்ஜ் உண்டா?" என்றார்.

"ஒளிக்கது எண்ணா கிணறு, ஒளிக்காததுக்கு ஃபிரிட்ஜோ?"

"ஒளிக்கணும் எண்ணா கயிற வெளிய கட்டுவேனா? அதுவும் நீ தண்ணி கோருத தூணில?"

இது நியாயமான கேள்வி என்று எனக்குப் பட்டது. அம்மாவுக்கும் பட்டிருக்க வேண்டும், கிணற்றுத் தூணை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அப்பா ஒரு குப்பியை எடுத்து மூடியை ஒரு சுற்று மட்டும் திருகினார். "ஸ்ஸ்" என்று நீளமாக ஒரு சீற்றம் வந்தது. குப்பி இறுகாமல் இருக்க, ஒருநாள் விட்டு ஒருநாள் இப்படிக் காற்றை விட வேண்டும் என்றார். "ஆண்டவர் சிலுவையில தொங்குத நாளில" என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அதன்பின் மூன்று பேரும் சபைக்கு நடந்தோம். ஞாயிறு காலையில் மாமாவுக்கு முதல் டம்ளரைத் தானே ஊற்றிக் கொடுக்க வேண்டும் என்பது அப்பாவின் எண்ணம். கள்ளுக்குப் பதிலாக நான் குடிப்பது இதுதான், நீங்களும் குடித்துப் பாருங்கள் என்று. வழியில் என்னிடம் மட்டும் சொன்னார். அம்மாவிடம் சொல்லியிருந்தால், மாமாவை மயக்கப் பார்க்கிறார் என்று அம்மா நினைத்திருப்பார்.

சனிக்கிழமை நான் சபையில் பூ கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தது மாலை நாலரை மணி. முற்றத்தில் கால் வைத்ததுமே அறிந்தேன். கள். சந்தேகமே இல்லை, எத்தனை மாதம் பயின்ற மூக்கு. நேராகக் கிணற்றுக்கு ஓடி வாளியைத் தூக்கினேன். மூன்று குப்பிகளும் கல்லாக இருந்தன, மூடி திறக்கவில்லை. அப்பா தோட்டத்திலிருந்து இன்னும் வரவில்லை. உறைந்த ரப்பர் பாலைத் தகடாக அடிக்கிற வேலை, ஐந்தரை ஆகும் என்று சொல்லிப் போயிருந்தார். பின்வாசலுக்குச் சுற்றி வந்தபோது, வேலியின் இடைவெளி வழியாகச் சரோஜினி அக்கா தன் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார், கையில் காலி டம்ளர். சரோஜினி அக்காவின் வீட்டுக்காரர் தென்னை ஏறிக் கள் இறக்குகிறவர்.

அடுக்களையில் அம்மா அப்ப மாவைக் கலக்கிக்கொண்டிருந்தார். அரிசியும் தேங்காயும் அரைத்த மாவு கள் விட்டால்தான் இரவில் பொங்கும். காலையில் சட்டியில் சுற்றும்போது ஓரம் சல்லடைபோல் விரியும், நடு மெத்தென்று நிற்கும். எங்கள் பக்கத்தில் அப்பம் என்றால் அதுதான். அப்பா வாக்குக் கொடுத்ததிலிருந்து எங்கள் வாசலுக்குள் கள் வரக் கூடாது என்று அம்மாவே விலக்கி, கடை ஈஸ்டு போட்டுச் சுட்டுவந்தார். மூன்று மாத அப்பங்களும் தோல் செருப்புப்போல இருந்தன. ஆனால் ஈஸ்டருக்கு வருவது அண்ணன். அம்மாவின் கை அப்பத்தைச் சின்ன வயதிலிருந்து புகழ்ந்தவர். அவருக்கு முன்னால் செருப்பை வைக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை.

என்னைப் பார்த்ததும் அம்மா மாவுப்பானையைத் தட்டால் மூடினார். "அரை டம்ளராக்கும். மாவுக்கு. நீ ஒண்ணும் கண்டில்ல, எழுதவும் செய்யாண்டாம்" என்றார். நான் டைரியை எடுத்து "சனி, 4.30" என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் மூடினேன். அது இன்றும் அப்படியே இருக்கிறது.

ஐந்து நாற்பதுக்கு அப்பா வந்தார். அடுக்களை வாசலில் காலை எடுத்து வைத்தவர் அப்படியே நின்றார். கள் குடித்த மனிதருக்குக் கள்ளின் மணத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம். மாவுப்பானையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா வெந்நீர் டம்ளரோடு திரும்பினார். பழக்கத்தில் கை நீண்டுவிட்டது. அப்பா அதன்மேல் ஊதிவிட்டு, தோர்த்தை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

ஈஸ்டர் ஆராதனை முடிந்து நாங்கள் வீடு திரும்பிய பிறகு, எட்டே முக்காலுக்கு மாமா வந்தார். இரண்டு பஸ் மாறி வந்தவர், வேட்டி மடிப்புக் கலையவில்லை. அப்பா கிணற்றிலிருந்து ஒரு குப்பியை எடுத்து வந்து, முன்னறையில், மாமாவின் கண்முன்னாலேயே மூடியைத் திறந்தார். "டப்" என்று சத்தம். நுரை கழுத்து வரை ஏறி இறங்கியது. கண்ணாடி டம்ளரில் ஊற்றினார். சின்னச் சின்னக் குமிழிகள் அடியிலிருந்து வரிசையாக எழுந்துகொண்டே இருந்தன. அழகாக இருந்தது என்பதை நான் இப்போது தயங்காமல் சொல்வேன்.

மாமா டம்ளரை வாங்கவில்லை. மூக்கைத் தூக்கினார். எழுந்து அடுக்களை வாசல் வரைக்கும் நடந்து, அங்கேயே நின்று திரும்பினார்.

"இந்த வீட்டில கள்ளு உண்டு."

இரவெல்லாம் பொங்கிய மாவு தட்டைத் தூக்கி வெளியே வழிந்திருந்தது. அம்மா அடுப்பில் முதல் அப்பத்தை ஊற்றிச் சுற்றியிருந்தார்.

மாமா அப்பாவின் டம்ளரைக் காட்டினார். "அளியா, உள்ளதைச் சொல்லணும். கையில இருக்கது என்ன?"

"கைதச்சக்கையாக்கும் அத்தான். இஞ்சியும் கொஞ்சம் துளசியும்."

"துளசியும்! ஆராதனைக்கா வச்சிருக்க? கைதச்சக்கைக்குக் கள்ளு மணம் எப்பம் வந்தது?"

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "ஊதிக் காட்டட்டா?" என்று கேட்டார். கேலியில்லாமல், உண்மையாகவே கேட்டார்.

"நீ எனக்கு ஊதவும் வேண்டாம், பாடவும் வேண்டாம். சபையில எழுந்து நிண்ணு சொன்ன வாயாக்கும் இது. பேபி, துணி எடு. பிள்ளைக்க புத்தகத்தையும் எடு. பத்தே காலுக்கு வண்டி உண்டு."

அந்தக் கணத்தில் அந்த வீட்டில் நான்கு பேர் இருந்தோம். கள் எங்கே இருக்கிறது என்று எங்களில் மூன்று பேருக்குத் தெரியும். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா அப்பச்சட்டியின் மூடிமேல் கை வைத்தபடி நின்றார். எவ்வளவு நேரம் என்று பிறகு பலமுறை கணக்குப் போட்டிருக்கிறேன். மூடியிருந்த அப்பத்தின் ஓரம் சிவந்து, கறுத்து, மூடியின் விளிம்பில் புகை வரும் நேரம். இரண்டு நிமிடத்துக்குக் குறையாது. ஒரு குடும்பம் பிரிவதற்குப் போதுமான நேரம் அது. மாமா என் பள்ளிக்கூடப் பையைக் கையில் எடுத்துவிட்டார்.

"அண்ணா," என்றார் அம்மா, சட்டியைப் பார்த்தபடி. "கள்ளு மாவிலயாக்கும்."

"எந்த மாவில?"

"அப்பத்துக்க மாவில. நான்தான் சரோஜினியிட்ட வாங்கினேன். அவரு தொடல்ல. அவருக்குத் தெரியாது."

கடைசியாகச் சொன்னது பொய் என்பது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்பா தலையைத் தூக்கவில்லை. மாமா பையைக் கையில் வைத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். அடுப்பிலிருந்த கரிந்த அப்பத்தை அம்மா சுரண்டி எடுத்தார்.

"எத்தன டம்ளர்?" என்றார் மாமா.

"அரை."

"நம்ம அம்மையும் அரைதான் ஒழிப்பா." பையைக் கீழே வைத்துவிட்டு, "நமக்கிட்ட சொன்னதும் இல்ல" என்றார்.

பிறகு அவர் ஏழு அப்பம் சாப்பிட்டார், இதையும் எழுதியிருக்கிறேன். அப்பா ஊற்றிய டம்ளரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, என்னைக் கூப்பிட்டு, எந்த நாள் வைத்தது, எந்த நாள் அடைத்தது என்று விசாரித்து, மூன்றாம் நாள்தான் என்று உறுதி செய்த பின் ஒரு வாய் குடித்தார். உடனே பெரிய ஏப்பம் வந்தது. "கடிக்குது" என்றார். அப்பாவின் முகத்தில் அந்தக் காலையில் வந்த ஒரே வெளிச்சம் அந்தச் சொல்லால்தான். மாமா பத்தே கால் வண்டிக்குத் தனியாகவே போனார்.

சந்தேகம் அன்றோடு தீர்ந்தது என்று எழுதினால் டைரி என்னை மறுக்கும். திங்களன்று அம்மா ஊதச் சொல்லவில்லை, புதனன்று சொன்னார். அந்த மாதம் அது குறைந்தது, அடுத்த மாதம் இன்னும் குறைந்தது, ஓணத்துக்குப் பிறகு அப்படியொரு குறிப்பு இல்லை. அன்னாசி கிடைத்த மாதங்களில் எல்லாம் பரணி நுரைத்தது. அன்னாசி இல்லாதபோது கொல்லாம்பழம் என்கிற முந்திரிப்பழத்திலும், சாம்பக்காய் என்கிற ஜம்புக்காயிலும் செய்து பார்த்தார். கொல்லாம்பழம் தொண்டையைக் கரகரக்கவைத்தது, சாம்பக்காயில் கேஸ் நிற்கவில்லை. நான்காம் நாள்வரை மிஞ்சிய குப்பிகள் வாழை மூட்டில்தான் போயின. பக்கத்து வீட்டார் அதை நம்பியதாகத் தெரியவில்லை. எங்கள் வாழைகள் போதை ஏறிச் சாய்ந்து நிற்கின்றன என்று சரோஜினி அக்காவின் வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொல்லிச் சிரிப்பார். அப்பா பிறகு ஒருபோதும் குடிக்கவில்லை. எனக்குத் தெரிந்த வரையில் என்று சேர்த்துக்கொள்கிறேன்.

அந்தப் பரணி ஜூன் மாதம் பிடிக்கும் இடவப்பாதி மழை ஒன்றில் சுவர் விழுந்து உடைந்தது. வேலி இருந்த இடத்தில் இப்போது சிமென்ட் மதில். சரோஜினி அக்கா வீட்டார் விற்றுவிட்டுப் போனார்கள். மாமா இல்லை. சென்ற வருடத்துக்கு முந்தின வருடம் கர்க்கடகத்தில், ஆடி மாதத்தில், அப்பா இறந்தார். பாறசாலைக் கடைகளில் இப்போது புளிக்கவைத்த பழப்பானம் என்று பெயர் ஒட்டியே கண்ணாடிக் குப்பிகளில் விற்கிறார்கள். வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்று குடிக்கிற பிள்ளைகளை யாரும் மணத்துப் பார்ப்பதில்லை.

இந்த ஈஸ்டருக்கு முந்தின நாள், அம்மா பாக்கெட் ஈஸ்டைக் கரைத்துக்கொண்டிருக்கும்போது நான் கேட்டேன். அன்றைக்கு அத்தனை நேரம் ஏன் பேசாமல் நின்றீர்கள்? அம்மா யோசிக்கக்கூட இல்லை. பதில் பல வருடமாகத் தயாராக இருந்ததுபோல வந்தது.

"உனக்க அப்பா என்னைக் காட்டிக் குடுப்பாரா எண்ணு பாத்தேன். குடிச்சிருக்கும்ப மழ பெய்தாலும் எனக்க குற்றமாக்கும் எண்ணு செல்லுவாரு. அண்ணைக்குத் தெரிஞ்சும் வாய் தொறக்கல்ல. அப்பந்தான் இந்த மனுசன் விட்டாரு எண்ணு எனக்கு உறப்பாச்சு."

எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. அன்று அடுப்படியில் நான் பார்த்த முகம் ஒருவரைச் சோதித்துப் பார்க்கிறவரின் முகம் அல்ல. அண்ணன் முன்னால் கூசி நிற்கிறவரின் முகம். அப்பா அம்மாவுக்காகத்தான் பேசாமல் இருந்தாரா, இல்லை, எத்தனையோ வருடம் குற்றவாளியாக நின்று பழகிய கால்கள் அன்றும் அப்படியே நின்றுவிட்டனவா என்பதும் தெரியாது. கேட்க ஆளில்லை.

அம்மா என் பக்கம் திரும்பி, "நீயும் கண்டதுதானே. நீ என்னத்துக்குப் பிள்ளே வாய் தொறக்கல்ல?" என்று கேட்டார்.

சின்னப் பிள்ளைதானே, பயம் என்றேன். அம்மா தலையாட்டிவிட்டு மாவுக்குத் திரும்பினார். பயம் இல்லை. மாமா வீட்டிலிருந்து கடலுக்கு நடந்தே போகலாம். ஓணத்துக்குப் போய் இருந்த பதினாறு நாளும் மாமாவின் பிள்ளைகளோடு நான் கடலுக்குப் போனேன். மாமா என் பையைக் கையில் எடுத்தபோது, அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, எனக்குள் முதலில் வந்தது, மறுபடியும் கடல் என்ற சந்தோஷம். அதை அப்பாவிடம் சொல்ல எனக்கு எத்தனையோ வருடங்கள் கிடைத்தன.